இன்ஜின் முதுகுக்குப் பின்னால் இருந்தால்: தீயை முதலில் பார்ப்பது யார்?

இன்னிக்கு எபிசோட் ஒரு வாக்கியத்தைப் பத்தினது.

அமெரிக்காவுல சின்ன விமானங்களுக்குன்னு ஒரு விதித்தொகுப்பு இருக்கு, 'பகுதி 23'ன்னு சொல்லுவாங்க. 2017-ல அதை முழுசா மாத்தி எழுதினாங்க. அதுக்கு முன்னாடி பல வருஷம் இருந்த பழைய வடிவத்துல, எந்தெந்த விமானத்துக்கு இன்ஜின் தீயைக் கண்டுபிடிக்கிற கருவி கட்டாயம்னு ஒரு பட்டியல் உண்டு. டர்பைன் இன்ஜின் ஒண்ணுக்கு மேல இருக்கிற விமானம், டர்போசார்ஜர் வெச்ச ரெண்டு இன்ஜின் விமானம் அப்படின்னு போயிட்டே இருக்கும்போது, நடுவுல சாதாரணமா ஒரு வகை வரும்: விமானி அறையிலிருந்து இன்ஜின் எளிதாகக் கண்ணுக்குத் தெரியாத விமானங்கள்.

அவ்வளவுதான். இன்ஜின் உங்க மூக்குக்கு முன்னாடி இருந்தா கருவி வேண்டாம், உங்க கண்ணே போதும். முதுகுக்குப் பின்னாடி இருந்தா கருவி வேணும். இதைப் படிச்ச அன்னிக்கு நான் ஒரகடம் போற ஷிஃப்ட் பஸ்ஸுல உட்கார்ந்திருந்தேன். பின்பக்க இன்ஜின் பஸ். விமானத்துக்கு எழுதின வரி, ஆனா எனக்கு முதல்ல தோணினது டிரைவர் அண்ணன் முகம்தான்.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். நான் பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலை. ஆனா எங்களைச் சுத்தி இருக்கிறது பூரா இன்ஜின். ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து ஒரகடம் வரைக்கும் அந்த ரோட்டுல காரும் லாரியும் பைக்கும் பிறந்து வெளிய வருது. 2015-லேர்ந்து ஒரகடத்துல பஸ்ஸும் கட்டறாங்க. வல்லம் வடகால்ல ஏரோஸ்பேஸ் பார்க்னு போர்டு வந்ததுலேர்ந்து டீக்கடைப் பேச்சும் கொஞ்சம் உயரமாப் போயிருச்சு. 'மச்சி, நாமளே ஒரு குட்டி பிளேன் கட்டினா என்ன?' வாரத்துக்கு ஒருத்தன் கேக்கறான். கேக்கறவன் எவனும் இன்ஜின் தீப்பிடிச்சா என்ன பண்றதுன்னு கேக்கறதில்ல. அந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு, அதுவும் நம்ம ஊர்ப்பக்கத்துலயே ஆரம்பிக்கிற மாதிரி.

1909 ஜூலை 25. பிரான்ஸ்காரர் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்துல தாண்டறாரு. அந்தச் செய்தி மெட்ராஸுக்கு வந்து சேருது. மவுண்ட் ரோட்டுல ஹோட்டல் நடத்திக்கிட்டிருந்த கோர்சிக்காக்காரர் ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ் அதைக் கேட்டுட்டு, தானே ஒரு விமானம் கட்டறதுன்னு முடிவு பண்றாரு. கவனிங்க, இவர் இன்ஜினியர் இல்ல, ஹோட்டல் முதலாளி. கேக், பிஸ்கட், விருந்து இதுதான் தொழில். குதிரை வண்டி கட்டறதுல பேர் வாங்கியிருந்த சிம்ப்சன் கம்பெனியில அந்த இரட்டை இறக்கை விமானத்தைக் கட்ட வெச்சாரு. 1910 மார்ச்சுல பல்லாவரத்துல அது பறந்துது. அப்புறம் தீவுத்திடல்ல பொதுமக்களுக்கும் காட்டினாரு. இந்தியாவுல முதல்ல பறந்த விமானம் இதுதானா இல்லையான்னு வாதாடுறவங்க வாதாடட்டும். எனக்கு முக்கியமானது, இது நம்ம ஊர்ல தனி மனுஷன் ஒருத்தர் சொந்தமா கட்டின விமானம். இன்னிக்கு 'ஹோம்பில்ட்'னு சொல்றோமே, அது.

அந்தக் காலத்து விமானங்கள்ல ஒளிவுமறைவு கிடையாது. இன்ஜின், பெட்ரோல் டேங்க், துணி போர்த்தின இறக்கை, மனுஷன், எல்லாமே திறந்த வெளியில ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு. எங்க எண்ணெய் சொட்டுதுன்னு ஓட்டுறவருக்குத் தெரியும். தீ வந்தா பார்த்துடலாம். பார்த்து என்ன பண்றதுங்கிறதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு முதல் உலகப்போர் ரொம்பக் கொடூரமா பதில் சொல்லுச்சு. இந்திரலால் ராய்னு ஒரு பையன். கல்கத்தாவுல பிறந்து, லண்டன்ல படிச்சவன். 1918 ஜூலையில ரெண்டு வாரத்துக்குள்ள 10 வான்வெற்றி. ஜூலை 22-ம் தேதி, பிரான்ஸ்ல கார்வின் ஊருக்கு மேல நடந்த சண்டையில அவனோட எஸ்.இ.5ஏ விமானம் தீப்பிடிச்சு விழுந்துது. வயசு 19. அதே படைப்பிரிவுல முன்னாடி இருந்த மிக் மானக், தீப்பிடிச்சா சுட்டுக்கிறதுக்குன்னே கூட ஒரு ரிவால்வர் எடுத்துட்டுப் போவாருன்னு சொல்லுவாங்க. ராய் இறந்து நாலே நாள்ல, ஜூலை 26-ம் தேதி, அவரும் தீப்பிடிச்ச விமானத்துலதான் போய்ச் சேர்ந்தாரு.

எஸ்.இ.5ஏ விமானத்தோட பிரதான டேங்க் எங்க இருந்துது தெரியுமா? இன்ஜினுக்குப் பின்னாடி, விமானிக்கு முன்னாடி. மடியில பெட்ரோல் வெச்சுக்கிட்டு உட்கார்ந்த மாதிரிதான். இறக்கைத் துணியை விறைப்பாக்க பூசின பூச்சும் சுலபமா எரியும். பிரிட்டிஷ் சண்டை விமானிகளுக்குப் பாராசூட்டும் தரல. பலூன்ல போனவங்களுக்கு இருந்துது, இவங்களுக்கு இல்ல. தீயைப் பார்க்க முடிஞ்சவங்க, ஆனா அதுக்கப்புறம் செய்ய ஒண்ணுமே இல்லாதவங்க.

அங்கேர்ந்துதான் இன்ஜினுக்கும் மனுஷனுக்கும் நடுவுல ஒரு சுவர் வேணும்ங்கிற எண்ணம் கெட்டிப்படுது. ஃபயர்வால். ஆமா, நம்ம ஆபீஸ் நெட்வொர்க்ல இருக்கிற அதே பேர்தான், பேர் மட்டும் கட்டடத்துலேர்ந்தும் வண்டியிலேர்ந்தும் நம்மகிட்ட வந்துது. பழைய பகுதி 23 விதிப்படி சோதனை இல்லாமலே ஏத்துக்கிற தகடுகள் இருந்துது. துருப்பிடிக்காத இரும்புன்னா 0.015 அங்குலத் தடிமன் போதும். மில்லிமீட்டர்ல 0.38. விசிட்டிங் கார்டை விட கொஞ்சம்தான் தடிமன் ஜாஸ்தி. இது எப்படித் தாங்கும்னு தோணும். தாங்கும். வேற பொருள் வெக்கணும்னா சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் தீச்சுவாலையில 15 நிமிஷம் நின்னு காட்டணும்.

அந்த 15 நிமிஷம் தீயை அணைக்கிறதுக்கு இல்ல, விமானத்தைத் தரையிறக்கறதுக்கு.

அலுமினியம் 660 டிகிரியில உருகிடும். இது தெரியாம யாராவது எடை குறையட்டும்னு ஃபயர்வாலை அலுமினியத்துல போட்டா, அந்தத் தகடு தட்டு மாதிரி இருக்கும், சுவர் மாதிரி இருக்காது. ஆனா நிஜத்துல ஓட்டை வர்ற இடம் தகடு இல்ல. தகட்டுல போடுற துளைகள்தான். ஒயர் போக ஒண்ணு, பெட்ரோல் ஹோஸ் போக ஒண்ணு, த்ராட்டில் கேபிள் போக ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் ஒரு ரப்பர் வளையம். தீ வந்தா முதல்ல போறது ரப்பர். அப்புறம் அந்தத் துளை வழியா சுவாலை ஊதுகுழல் மாதிரி உள்ள வரும். சாஃப்ட்வேர்காரங்களுக்குப் புரியும்: ஃபயர்வால் நல்லதாதான் இருக்கும், எவனோ ஒருத்தன் திறந்து வெச்ச போர்ட்தான் ஆளைக் கவுக்கும்.

இப்போ ஹோம்பில்ட் விஷயத்துக்கு வருவோம். 1953-ல பால் போபெரெஸ்னிங்கிறவர் விஸ்கான்சின் மாநிலத்துல சோதனை விமானச் சங்கத்தை ஆரம்பிக்கறாரு. வீட்டு கராஜ்ல விமானம் கட்டறவங்களுக்கான சங்கம். அமெரிக்காவுல இப்படிக் கட்டற விமானம் 'சோதனை' வகையில பதிவாகும், பெரும்பகுதி வேலையை கட்டறவரே பொழுதுபோக்கா செஞ்சிருக்கணும். அந்த வகைக்குப் பகுதி 23 கட்டாயம் கிடையாது. நான் மேல சொன்ன 0.38 மில்லிமீட்டர், 15 நிமிஷம், எதுவும் உங்களைக் கட்டுப்படுத்தாது. சுதந்திரம்! கூடவே, தீ விஷயத்துல எல்லா முடிவும் உங்க தலையில.

நம்ம நாட்டுலயும் ஆள் இருக்காங்க. மும்பையில அமோல் யாதவ்னு ஒரு பைலட், காந்திவலியில தன்னோட அபார்ட்மென்ட் மொட்டை மாடியில ஆறு சீட்டு விமானம் கட்டினாரு. 2016 மேக் இன் இந்தியா கண்காட்சியில அதைக் கொண்டுவந்து நிறுத்தினாரு. பறக்க அனுமதி கிடைச்சது 2019-ல. கேரளாவுல தொடுபுழா பக்கத்து சஜி தாமஸ், காது கேக்காது, பேச்சு வராது, தானே கட்டின குட்டி விமானத்தை நம்ம திருநெல்வேலிப் பக்கம் மணிமுத்தாறுல வெச்சுதான் பறக்க விட்டாரு. இவங்க கதைகளைக் கேக்கும்போது எல்லாரும் பறந்த நொடியைப் பத்திதான் கேக்கறோம். எனக்கு இப்போ ஃபயர்வால் துளைகளைப் பத்தி கேக்கணும்னு இருக்கு.

சரி, பறந்துட்டிருக்கும்போது இன்ஜின் தீப்பிடிச்சா சின்ன விமானத்துல என்ன பண்ணுவாங்க? சினிமாவுல பார்க்கிற மாதிரி சிவப்பு கைப்பிடியை இழுத்தா புஸ்ஸுன்னு வெள்ளைப் புகை வந்து அணைஞ்சுடும்னு நினைக்காதீங்க. பெரும்பாலான ஒத்தை இன்ஜின் விமானங்கள்ல அப்படி ஒரு கைப்பிடியே கிடையாது. முதல் வேலை பெட்ரோல் வால்வை மூடறது. அப்புறம் கலவைக் கட்டுப்பாட்டை முழுசா இழுத்து இன்ஜினை நிறுத்தறது, மெயின் சுவிட்சை ஆஃப் பண்றது, கேபினுக்குச் சூடு வர்ற வழியை அடைக்கிறது. அந்தச் சூட்டுக்காற்று எக்ஸாஸ்ட்டைச் சுத்திதான் வருது, தீ இருந்தா புகையும் அதே வழியா வரும். அப்புறம் மூக்கைக் கவிழ்த்து வேகத்தைக் கூட்டி, எரிய முடியாத அளவுக்குக் காத்தைப் பாய்ச்சப் பார்ப்பாங்க. மீதி, தரையைத் தேடறது.

ஏன் சிலிண்டர் இல்ல? எடை ஒரு காரணம். இன்னொண்ணு காத்து. விமான இன்ஜினை மூடியிருக்கிற கூட்டுக்குள்ள முன்பக்கம் காத்து நுழைஞ்சு, சிலிண்டர்களைக் குளிர வெச்சு, அடிப்பக்கம் வெளிய போயிட்டே இருக்கும். நீங்க என்ன வாயுவை அடிச்சாலும் சில நொடியில அது வெளிய போயிடும். எக்ஸாஸ்ட் குழாய்க்குள்ள ஓடுற வாயு 700 டிகிரியைத் தாண்டும், குழாயும் தகதகன்னு இருக்கும். பெட்ரோல் இன்னும் கசிஞ்சுட்டிருந்தா அணைஞ்ச தீ திரும்பப் பிடிக்கும். அதனாலதான் வால்வ் முதல்ல, சிலிண்டர் அப்புறம். இந்த வரிசையை மாத்தினவங்களுக்கு சிலிண்டர் ஒரே ஒரு தடவைதான் உதவும், அதுவும் சில நொடிக்கு.

தரையில ஸ்டார்ட் பண்ணும்போது வர்ற தீக்கு விதி வேற, கேட்டா பயமா இருக்கும். கார்புரேட்டர்ல அதிகமா பெட்ரோல் போயி, பின்வெடிப்புல பத்திக்கிச்சுன்னா, ஸ்டார்ட்டரை விடாம சுத்தணும். இன்ஜின் அந்தத் தீயை உள்ள உறிஞ்சிக்கும். எரியற இன்ஜினை இன்னும் ஓட்டப் பார்க்கிறது நம்ம புத்திக்கு எட்டாத விஷயம், ஆனா கையேட்டுல அப்படித்தான் இருக்கு.

இந்த வால்வ் விஷயத்துல ஒரு கதை இருக்கு. எனக்கு இந்த எபிசோட்லயே மனசை விட்டுப் போகாத கதை அதுதான்.

1970-கள்ல பர்ட் ரூட்டன்னு ஒரு வடிவமைப்பாளர் உலகத்து ஹோம்பில்ட் ஆட்களை எல்லாம் கிறுக்குப் பிடிக்க வெச்சாரு. 1975-ல வேரிஈஸி, 1979-ல லாங்-ஈஸி. கண்ணாடி நாரும் பிசினும் நுரையும் வெச்சுக் கட்டற விமானம். சின்ன இறக்கை முன்னாடி, பெரிய இறக்கை பின்னாடி, இன்ஜினும் புரொப்பல்லரும் கடைசியில. பெங்களூர் என்.ஏ.எல். ஆராய்ச்சிக்கூடம்கூட 1980-கள்ல இந்த லாங்-ஈஸியை வெச்சுதான் ஒரு ஆராய்ச்சி விமானம் பறக்க விட்டுது. அழகான விமானம். ஆனா இப்போ நாம ஆரம்பிச்ச வாக்கியத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க: இன்ஜின் முதுகுக்குப் பின்னாடி.

'கன்ட்ரி ரோட்ஸ்' பாட்டு பாடின ஜான் டென்வர் இப்படி ஒருத்தர் கட்டின லாங்-ஈஸியை வாங்கினாரு. ரூட்டனோட வரைபடத்துல, எந்த டேங்க்லேர்ந்து பெட்ரோல் எடுக்கணும்னு மாத்தற வால்வ், விமானியோட ரெண்டு காலுக்கு நடுவுல. இந்த விமானத்தைக் கட்டினவர் அதை அங்க வெக்கல. பெட்ரோல் குழாய் விமானி உட்கார்ற இடத்துக்குள்ளயே வர வேண்டாம்னு நினைச்சாரு. அந்தப் பயத்துல நியாயம் இருக்கு, எஸ்.இ.5ஏ ஞாபகம் வருதில்ல? அதனால வால்வை பின்னாடி ஃபயர்வால் பக்கமாக் கொண்டுபோய், கைப்பிடியை விமானியோட இடது தோளுக்குப் பின்னாடி வெச்சாரு. அதைத் திருப்பணும்னா உடம்பையே திருப்பணும். போதாததுக்குக் கைப்பிடி இறுக்கம் வேற. பறக்கறதுக்கு முன்னாடி டென்வரும் ஒரு டெக்னீஷியனும் அதுல ஒரு கட்டிங் பிளேயர் மாதிரி கருவியை மாட்டி நீட்டிப் பார்த்திருக்காங்க, சரிவரல. 1997 அக்டோபர் 12, கலிபோர்னியா கடற்கரை ஓரம், பெட்ரோல் வராம இன்ஜின் நின்னுச்சு. வால்வைத் திருப்ப உடம்பைத் திருப்பினப்போ விமானம் கட்டுப்பாட்டை இழந்து கடல்ல விழுந்துருக்கணும்னு விசாரணை சொல்லுச்சு.

தீ இல்லவே இல்ல. தீ வந்துடக்கூடாதுன்னு எடுத்த ஒரு முடிவு இருந்துது. வால்வை மூடினாதான் தீ அணையும், வால்வ் கைக்கு எட்டினாதான் மூட முடியும், கைக்கு எட்டற இடத்துல இருந்தா குழாயும் உள்ள வரும். ஒரு ரிஸ்க்கைக் குறைச்சா இன்னொண்ணு கூடுது. இதுக்கு வழி உண்டு. வால்வ் பின்னாடியே இருக்கட்டும், கைப்பிடியை மட்டும் ஒரு நீளக் கம்பியிலயோ கேபிள்லயோ முன்னாடி கொண்டுவரலாம். யோசிக்க ஒரு நாள், செய்ய ஒரு வாரம். மொட்டை மாடியில தனியா கட்டறவருக்கு அந்த ஒரு நாளை யோசிக்கச் சொல்ற ஆள்தான் பக்கத்துல இருக்க மாட்டாங்க.

அடுத்தது கண்டுபிடிக்கிறது. இது என் ஏரியா, கொஞ்சம் உற்சாகமாயிடுவேன், பொறுத்துக்கோங்க. பெரிய விமானங்கள்ல இன்ஜினைச் சுத்தி ஒரு மெல்லிய உலோகக் குழாய் வளைஞ்சு போகும். சில வகையில உள்ள இருக்கிற பொருள் சூடானா அதோட மின்தடை விழும், சில வகையில உள்ள அடைச்ச வாயு விரிஞ்சு ஒரு சுவிட்சை அழுத்தும். ஒரு புள்ளியில இல்ல, அந்தக் குழாயோட நீளம் முழுக்க அது சென்ஸார். அதுல ரெண்டு ஓட்டுவாங்க, ஏ ஒண்ணு, பி ஒண்ணு. ரெண்டும் 'தீ'ன்னு சொன்னாதான் மணி அடிக்கும். ஒண்ணு பழுதாயிட்டா மட்டும் மீதி ஒண்ணை நம்பும். கோடு எழுதறவங்களுக்கு இது சாதாரண 'அண்ட்' கண்டிஷன்தான். ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கிறது பொய் மணியால வர்ற ஆபத்து. தீ இல்லாம மணி அடிச்சா விமானி நல்ல இன்ஜினை நிறுத்திடுவாரு. ரெண்டு இன்ஜின் இருந்தா பரவாயில்ல. ஒண்ணே ஒண்ணு இருக்கிற குட்டி விமானத்துல?

அதனால ஹோம்பில்ட் ஆட்கள் பொதுவா எளிமையாப் போவாங்க. கூட்டுக்குள்ள காத்து வெளிய போற பக்கமா ஒண்ணு ரெண்டு வெப்ப சுவிட்ச். குறிப்பிட்ட டிகிரியைத் தாண்டினா பேனல்ல ஒரு சிவப்பு விளக்கு எரியும். கூட ஒரு டெஸ்ட் பட்டன், விளக்கும் ஒயரும் உயிரோட இருக்கான்னு பறக்கறதுக்கு முன்னாடி அழுத்திப் பார்க்க. விளக்கு எரிஞ்சா முதல்ல மத்த மீட்டரையும் பார்க்கணும், புகை வாசனை வருதான்னு பார்க்கணும், அப்புறம் கை வால்வுக்குப் போகணும். பட்டன் இல்லாத எச்சரிக்கை விளக்கை நான் நம்பமாட்டேன். எரியாத பல்பு, 'எல்லாம் நல்லா இருக்கு'ங்கிற மாதிரியேதான் இருக்கும்.

அணைக்கிற மருந்தோட வரலாறு தனி சோகம். 1910-கள்லேர்ந்து காரிலயும் விமானத்துலயும் கார்பன் டெட்ராகுளோரைடு நிரப்பின பித்தளைப் பம்பு வெச்சிருந்தாங்க. தீ அணையும். ஆனா சூட்டுல அது ஃபாஸ்ஜீனா மாறும். முதல் உலகப்போர்ல ஆட்களைக் கொல்லப் பயன்படுத்தின அதே விஷவாயு. மூடின விமானி அறைக்குள்ள அதை அடிக்கிறதை நினைச்சுப் பாருங்க. இரண்டாம் உலகப்போர்ல மெத்தில் புரோமைடு, அதுவும் விஷம். போருக்கப்புறம் அமெரிக்க ராணுவம் பர்டூ பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரங்களை வெச்சு 60-க்கும் மேற்பட்ட பொருட்களைச் சலிச்சுப் பார்த்ததுல கிடைச்சதுதான் ஹேலான் 1301. நல்லா அணைக்கும், மனுஷனுக்கு அவ்வளவா ஆபத்தில்ல, பிசுபிசுப்பு கிடையாது. கடைசியா பிரமாதமான மருந்து கிடைச்சாச்சுன்னு நிமிர்ந்தா, அது ஓசோனைத் தின்னுது. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம், 1994-லேர்ந்து வளர்ந்த நாடுகள்ல தயாரிப்பு நின்னுச்சு. ஆனா இன்னிக்கும் பெரிய விமான இன்ஜின்கள்ல பழைய ஹேலானைத்தான் மறுசுழற்சி பண்ணி ஓட்டறாங்க. மாற்றா வந்த நோவெக் திரவத்தோட நிலைமையைப் பாருங்க, தயாரிச்ச கம்பெனியே அந்த வகை ரசாயனங்களை 2025-ஓட நிறுத்தறேன்னு அறிவிச்சிருச்சு.

ஹோம்பில்ட் விமானத்துல சிலிண்டர் வெக்கிறவங்க அதை எங்கேர்ந்து வாங்கறாங்க? பெரும்பாலும் கார் ரேஸ் கடையிலேர்ந்து. இங்கதான் நம்ம ரோடு திரும்ப உள்ள வருது. சென்னைக்கு வடக்கே சோழவரம், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். போர் முடிஞ்சப்புறம் அங்க கார், பைக் ரேஸ். பல பேர் தன் ஷெட்டுலயே கட்டின வண்டியைக் கொண்டுவந்து ஓட்டின இடம். அப்புறம் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990 வாக்குல இருங்காட்டுக்கோட்டையில சொந்த டிராக் போட்டுது, ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்துலயே. மூடின ரேஸ் காரை அடுத்த தடவை பார்த்தா வெளிப்பக்கம் ஒரு சின்ன வட்டத்தைத் தேடுங்க. வெள்ளை வட்டம், அதுல சிவப்புல ஆங்கில எழுத்து 'ஈ'. டிரைவர் மயங்கிக் கிடந்தாலும் வெளியில நிக்கிற மார்ஷல் அந்த இடத்துல இழுத்தா உள்ள சிலிண்டர் திறக்கும். டிரைவர் தன் தீயைத் தானே பார்ப்பாருன்னு ரேஸ் ஆட்கள் நம்பறதில்ல, பார்க்கிறதுக்கு டிராக் ஓரத்துல ஆளை நிறுத்தியிருக்காங்க.

பஸ்ஸுக்கு மார்ஷல் கிடையாது. நம்ம பழைய பஸ்ஸை நினைச்சுப் பாருங்க. இன்ஜின் டிரைவர் பக்கத்துல, மேல ஒரு பெட்டி, அதுல நாலு பேர் உட்கார்ந்து வருவாங்க. சூடு, சத்தம், டீசல் வாசனை. இம்சைதான். ஆனா ஏதாவது கருகினா அந்த நாலு பேருக்கும் ஒரே நேரத்துல மூக்குல ஏறும். 2001-லேர்ந்து பின்பக்க இன்ஜின் சொகுசு பஸ் இந்தியாவுல பரவ ஆரம்பிச்சுது. அமைதி, குளிர்ச்சி, ஏசி. இன்ஜின் பன்னெண்டு மீட்டருக்கு அந்தப்பக்கம், கதவு அடைச்ச பெட்டிக்குள்ள. லாங்-ஈஸி மாதிரியே, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்துல.

போன வருஷம் படப்பை தாண்டி எங்க ஷிஃப்ட் பஸ் போயிட்டிருக்கு. நாங்க எல்லாரும் தூக்கத்துல. பைக்ல ஒரு பையன் பக்கவாட்டுல வந்து ஹாரன் அடிச்சு, பின்னாடி கையைக் காட்டி கத்தறான். 'அண்ணே, புகை! பின்னாடி புகை!' டிரைவர் அண்ணன் ஓரம் கட்டி, இன்ஜினை ஆஃப் பண்ணி, பேட்டரி கட்-ஆஃபைத் திருகிட்டு, 'எல்லாரும் இறங்குங்கப்பா, பை அப்புறம் எடுத்துக்கலாம்'னாரு. நாங்க இறங்கினப்புறம்தான் தீயணைப்பானை எடுத்தாரு. ஒருத்தர் பின்கதவை முழுசாத் திறக்கப் போனாரு, அவரைத் தடுத்து, 'திறந்தா காத்து போயி குபீர்னு பிடிச்சுக்கும், தம்பி'ன்னு சொல்லி, கிரில் இடுக்கு வழியாவே அடிச்சாரு. டர்போ மேல எண்ணெய் சொட்டியிருக்கு, பெருசா ஒண்ணும் ஆகல. நான் அந்த வரிசையைத்தான் யோசிச்சிட்டிருந்தேன்: எரிபொருளை நிறுத்து, மின்சாரத்தை வெட்டு, ஆளை இறக்கு, கடைசியா சிலிண்டர். விமானக் கையேட்டை அவர் படிச்சிருக்க மாட்டாரு. ஆனா அன்னிக்கு எங்க தீ சென்ஸார் அந்த பைக் பையன்தான். அவன் வேற ரோட்டுல திரும்பியிருந்தா?

2013 அக்டோபர் 30 அதிகாலை, பெங்களூர்லேர்ந்து ஹைதராபாத் போன பஸ் பாலெம் பக்கத்துல சிறுபாலத்துல மோதி, டீசல் டேங்க் உடைஞ்சு எரிஞ்சுது. 45 பேர். தூக்கத்துலயே. அது மோதல்ல வந்த தீ, இன்ஜின் தானா பத்திக்கிட்டது இல்ல. ஆனா பஸ் தீயைப் பத்தி நாடே பேச ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். பின்னாடி ஏஐஎஸ்-135 தரநிலை மூலமா பஸ் இன்ஜின் அறைக்குள்ள தீயைக் கண்டுபிடிச்சு, மணி அடிச்சு, தானே அணைக்கிற அமைப்பு விதிக்குள்ள வந்துது. 2020 நவம்பர்ல டி.ஆர்.டி.ஓ. டெல்லியில ஒரு பஸ்ஸை வெச்சு செஞ்சு காட்டினாங்க. பயணிகள் பகுதிக்கு 80 லிட்டர் தண்ணித் தொட்டி, 200 பார் அழுத்தத்துல நைட்ரஜன் சிலிண்டர், 16 தூவான்கள். 30 நொடிக்குள்ள கண்டுபிடிச்சு, 60 நொடியில அடக்கும். இன்ஜின் அறைக்கு ஏரோசால், இயங்கின 5 நொடிக்குள்ள அணைக்கும். விமானத்துல காத்து அடிச்சுட்டுப் போற பிரச்சினை இங்க அவ்வளவு கிடையாது, நின்ன பஸ்ஸோட இன்ஜின் அறையில வாயு தங்கும். விமானத்துல தோத்த சிலிண்டர் பஸ்ஸுல ஜெயிக்கிற இடம் அது. 2022 ஜனவரி 27 அறிவிப்புல, நீண்ட தூர பஸ்ஸுக்கும் ஸ்கூல் பஸ்ஸுக்கும் பயணிகள் பகுதியிலயும் எச்சரிக்கை மணியும் தீப்பாதுகாப்பும் சேர்த்தாங்க.

இந்த மாதிரி விதி பொதுவா புதுசா கட்டற வண்டிக்குத்தான். ஏற்கனவே ரோட்டுல ஓடற பஸ்ஸுக்கு ஹோம்பில்ட் ஆட்கள் போடற அதே ரெண்டு வெப்ப சுவிட்ச், டாஷ்போர்டுல ஒரு சிவப்பு விளக்கு, ஒரு டெஸ்ட் பட்டன் போட்டா என்ன? செலவு ஒரு நல்ல ஹெட்போன் விலைகூட வராது. எங்க ஆபீஸ் டிரான்ஸ்போர்ட் ஆட்களுக்கு இதைப் படம் வரைஞ்சு மெயில் அனுப்பியிருக்கேன்.

அதுக்குள்ள எலக்ட்ரிக் பஸ் வந்துடுச்சு. அங்க மூட வால்வே கிடையாது. பேட்டரி செல் ஒண்ணு சூடாகி பக்கத்து செல்லுக்குப் பரவ ஆரம்பிச்சா, எரிபொருளும் தீயும் ஒரே டப்பாவுக்குள்ள. அதனால 2022-ல இறுக்கின பேட்டரி விதிகள் வேற மாதிரி கேக்குது: உள்ள இருக்கிறவங்களுக்கு ஆபத்து வர்றதுக்கு 5 நிமிஷம் முன்னாடியாவது வண்டி எச்சரிக்கணும். அன்னிக்கு படப்பையில நாங்க ஒரே கதவு வழியா, லேப்டாப் பையை விட மனசில்லாம, இறங்கி முடிக்க மூணு நிமிஷத்துக்குக் கிட்ட ஆச்சு. எல்லாரும் முழிச்சிருந்து, பகல் வெளிச்சத்துல.

பேட்டரி தீயை எப்படி முன்கூட்டியே மோப்பம் பிடிக்கறாங்கங்கிறது அடுத்த எபிசோட். பார்க்கலாம்.